பேனரில் ஏறிய போர் விமானங்கள்

ஃப்ளெக்ஸ் அடிக்கிற தொழிலில் தப்பு என்று ஒன்று நேர்ந்தால், அது பத்தடிக்கு எட்டடி அளவில்தான் நேரும், முச்சந்தியில் நிற்கும், ஊரே நின்று வாசித்துவிட்டுப் போகும். அந்தப் பயம் உடம்பில் ஊறிப்போனவள் நான். இதை எழுத உட்கார்ந்தபோதும், எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் முதலில் தோன்றியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விமானப்படையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி கடைக்கு வந்தவர்கள் சொன்னது, மீதி என் மகள் சொன்னது. விவரம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

உத்தமபாளையத்தில் காதர் பாய் வைத்திருக்கிற ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆர்டர் எழுதுவது, கம்ப்யூட்டரில் பிரபு வடிவமைத்ததை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது, அச்சாகி வந்ததும் ஓரம் மடித்துக் கயிறு கட்ட வளையம் அடிப்பது எல்லாம் என் பொறுப்பு. போன வருஷம் என் ஒரே மகள் சங்கீதாவுக்கு விமானப்படையில் இரண்டாவது வருஷம். வடக்கே ஒரு விமானத் தளத்தில் இருந்தாள். அப்போது எல்லையில் சண்டை மூண்டதும் எங்கள் கடையில் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் போர் விமானம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை விமானத்துக்கு வளையம் அடிப்பேன். மனசு மட்டும் வடக்கே கிடக்கும். கவுன்ட்டரில் நின்று பிழைக்கிறவர்களுக்கும், பிள்ளையைச் சீருடையில் அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் இது புரியும்.

சண்டை தொடங்கிய அன்று சங்கீதா ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "அம்மா, நான் எங்க இருக்கேன், எந்த ஸ்குவாட்ரன்ல இருக்கேன்னு யாரு கேட்டாலும் சொல்லிராத. எங்க உசுரு அதுலதான் இருக்கு." கேட்டவர்களுக்குச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. மீறாமலே எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

காதுகுத்துக்கு வந்த விமானம்

சின்னமனூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், தன் தங்கச்சி மகன் காதுகுத்துக்குப் பேனர் கேட்டு வந்தார். குழந்தை படம் நடுவில், தாய்மாமன் என்ற முறையில் அவர் படம் பக்கத்தில், அவர் வளர்க்கும் கோம்பை நாய் கீழே, எல்லார் தலைக்கும் மேலே நெருப்புக் கக்கிப் பறக்கும் போர் விமானம். "நாட்டுல சண்டை நடக்கையில ரோசாப்பூவப் போட்டு அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். பிரபு கம்ப்யூட்டரில் தேடி, பார்க்க லட்சணமாக இருந்த ஒரு சாம்பல் நிற விமானத்தை எடுத்துப் போட்டான். நான் எழுத்துகளைச் சரிபார்த்தேன். விமானத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

அச்சாகி வாசலில் காயப் போட்டிருந்தபோது ராஜாமணி சார் வந்தார். விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் போட்டோவுக்குச் சட்டம் போட வந்திருந்தார். பேனரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏம்மா ஈஸ்வரி, வயித்துக்கடியில வாயி தொறந்திருக்கு பாத்தியா? இது நம்ம விமானம் இல்ல. சண்டை போடுறானே, அவன் வச்சிருக்கிறது" என்றார். உள்ளே ஓடிப்போய்க் காதர் பாயைக் கூட்டி வந்தேன். தோப்புக்காரர் வந்ததும் காதர் பாய் உள்ளதை உள்ளபடி சொல்லி, வேறு அடித்துத் தருவதாகவும் சொன்னார். தோப்புக்காரர் பேனரின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவன் விமானமா? அத எதுக்குத் தூக்கிப் போடணும் பாய்? வாலுல தீப்புடிச்சுக் கீழ விழுறாப்புல பண்ணிக் குடுங்க. எங்க நாயி அண்ணாந்து பாத்துக் குலைக்கிற மாதிரி இருக்கட்டும்."

ஒற்றை இருக்கை

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ராஜாமணி சாரை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, நம் விமானங்களின் அடையாளங்களை ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டினேன். ரஃபேல்: எஞ்சின் இரண்டு, விமானி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் குட்டி இறக்கை இரண்டு. சுகோய்: பெரிய உடம்பு, நிமிர்ந்த வால் இரண்டு, ஆள் இரண்டு. தேஜஸ்: நம் நாட்டிலேயே செய்தது, சின்ன உடம்பு, எஞ்சின் ஒன்று, சண்டைக்குப் போனால் ஆள் ஒருத்தர். முதுகில் தட்டு சுமந்துகொண்டு போவது சண்டை போடாது. அது ரேடார், எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்த்துச் சொல்லும். சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

கம்பத்திலிருந்து ஒரு கட்சியைச் சேர்ந்த நாலு பேர் வந்தார்கள். அவர்களுடைய மாவட்டத் தலைவர் போர் விமானம் ஓட்டுகிற மாதிரி பேனர் வேண்டும். நம் நாட்டுத் தயாரிப்பு என்று நான் தேஜஸைக் காட்டினேன். சந்தோஷப்பட்டார்கள். பிரபுவும் தலைவர் முகத்தை விமானியின் தொப்பிக்குள் பாந்தமாக உட்காரவைத்துவிட்டான். அப்போது ஒருவர், "நகரச் செயலாளர் எங்கன உக்காருவாரு?" என்று கேட்டார். இது ஒருத்தர் போகிற விமானம் என்று தாளைக் காட்டினேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அரை மணி கழித்து வந்தவர்களில் மூத்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, ஒத்தச் சீட்டு வேணாம், சுகோயே போட்டுருங்க. சண்டை அங்கன முடிஞ்சு இங்கன ஆரம்பிச்சிரும்."

யார் மேலே, யார் கீழே

எங்கள் தொழிலில் ரத்தக்கொதிப்பு வருவது படங்களின் வரிசையால்தான். யார் மேலே, யார் கீழே, யார் முகம் பெரிசு. விமானப்படையிலும் அப்படி அடுக்கு உண்டு என்று ராஜாமணி சார் சொன்னார். உச்சியில் டெல்லியில் தலைமையகம். அதற்குக் கீழே திசைக்கு ஒன்றாகக் கமாண்டு. கமாண்டுக்குக் கீழே விங். விங்குக்குக் கீழே ஸ்குவாட்ரன். விமானங்கள் ஸ்குவாட்ரன் கணக்கில்தான் இருக்கும், ஒன்றில் பதினாறு, பதினெட்டு. ஸ்குவாட்ரன் லீடர் என்று ஒரு பதவி. ஆனால் ஸ்குவாட்ரனுக்குத் தலைவர் அவருக்கும் மேலே உள்ள ஒருத்தர். இதைக் கேட்டு நான் குழம்பவில்லை. பேருக்குத் தலைவர் ஒருத்தர், நாற்காலியில் வேறொருத்தர் என்பதை எத்தனை பஞ்சாயத்தில் பார்த்திருக்கிறோம்.

அல்லிநகரத்திலிருந்து ஒரு அம்மா, விமானப்படையில் இருக்கும் தன் மகனையும், அதே படையில் ஓய்வு பெற்ற தன் அண்ணனையும் வாழ்த்திப் பேனர் கேட்டார். மகனுக்கு இருபத்து நாலு வயசு, ஃப்ளையிங் ஆபீசர். அண்ணன் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து மாஸ்டர் வாரண்ட் ஆபீசராக வெளியே வந்தவர். மகன் படம்தான் மேலே வர வேண்டும், எத்தனை வருஷம் இருந்தாலும் வாரண்ட் ஆபீசர் அதிகாரிக்குக் கீழேதான், படையில் மாமன்தான் மருமகனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும் என்றார் ராஜாமணி சார். அந்த அம்மா பணப்பையை மூடிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். "சல்யூட்ட அங்கன அடிச்சுக்கட்டும் சார். எம் மகன மடியில வச்சு மொட்ட போட்டுக் காது குத்துனது எங்கண்ணன். இங்கன அவுகதான் மேல இருப்பாக."

ஓட்டாதவள்

என் மகள் விமானப்படையில் இருக்கிறாள் என்றால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த விமானம் ஓட்டுகிறாள் என்பது. அவள் ஓட்டவில்லை. விமானம் இறங்கியதும் ஓடிப்போய்ச் சக்கரம், எண்ணெய், குழாய் எல்லாம் பார்த்து மறுபடி கிளப்பிவிடுகிற கூட்டத்தில் ஒருத்தி. ஓட்டுகிறவர் ஒருத்தர் என்றால் தரையில் நிற்கிறவர்கள் கும்பல் கும்பலாக இருப்பார்களாம். மாப்பிள்ளை ஒருத்தன், பந்தி பார்க்கிறவர்கள் ஊர்ப்பட்ட பேர் என்கிற மாதிரி. எதிரி குண்டு போட்டால் முதலில் தரையில்தான் விழும் என்று எனக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடும். அதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அம்மன் கோயில் பொங்கல் கும்பிடுத் திருவிழாவுக்குப் பேனர் வாங்க வந்த ஒரு அக்காவிடம் இந்த விவரத்தைச் சொன்னேன். அவள் மகன் தேனிக்கும் கம்பத்துக்கும் பஸ் ஓட்டுகிறான். ஐயோ பாவம் என்பது போல என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "அதுனால என்னாத்தா? டெப்போவுல காத்துப் புடிக்கிறவன் இல்லாட்டி எம் மகன் பஸ்ஸும்தான் சின்னமனூரத் தாண்டாது."

ஒரு பிழைகூட இல்லாத பேனர்

என் தம்பி பாண்டி கோம்பையில் இருக்கிறான். சண்டையின் மூன்றாம் நாள் அவன் கடைக்கு வந்து, மருமகளுக்கு ஒரு பேனர் வைக்காமல் தூக்கம் வரவில்லை என்றான். சீருடையில் சங்கீதா படம், கீழே பேர், விமானப்படை, ஸ்குவாட்ரன் நம்பர், இருக்கும் ஊர். எல்லாவற்றையும் அவனே ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வந்திருந்தான். அந்த வருஷம் பொங்கலுக்கு லீவில் வந்தபோது அவள் வீட்டில் பேசியதை ஞாபகம் வைத்து எழுதியது. நம்பரில் ஒரு எண் மாறியிருந்தது. வடநாட்டு ஊர்ப் பேரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது.

பிழையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மகளுக்குப் பருப்புப்பொடி, முறுக்கு அனுப்புகிற பார்சலுக்காக விலாசச் சீட்டு ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து, நம்பரைத் திருத்தினேன். ஊர்ப் பேரையும் திருத்தினேன். பிரபுகூட, "அக்கா கண்ணுல எதுவும் தப்பாது" என்றான். ஒரு நிமிஷம்கூட எனக்கு உறைக்கவில்லை. யாராவது கேட்டால்தானே சொல்லக் கூடாது? பேனர் என்னிடம் எதையும் கேட்கவில்லையே.

மறுநாள் காலை கோம்பையில் இரண்டு இடத்தில் பேனர் ஏறியது. பத்து மணிக்குள் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பாண்டியோடு சேர்ந்து படித்தவர்கள் எல்லார் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் என் மகள் நின்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்கு ராஜாமணி சார் கடைக்குள் வந்தார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு வருகிறவர், சிரிக்கவில்லை. பேனர் படம் இருந்த போனை என் முன்னால் வைத்தார். "ஈஸ்வரி, எல்லாத்தையும் படிச்சுப் பாத்தேன். ஒரு பிழைகூட இல்ல. அதுதாம்மா பிரச்சினை."

நூறு பேர் பார்த்த ஸ்டேட்டஸ்

அவர் திட்டவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். சண்டை நேரத்தில் ஒரு ஸ்குவாட்ரன் எந்த ஊரில் நிற்கிறது என்பதை மறைக்க அங்கே எத்தனையோ பேர் பாடுபடுகிறார்கள். விமானத்தையே இடம் மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள். நாம் அதை முகத்தோடும் பேரோடும் சேர்த்து அனுப்பிவிட்டோம் என்றார். உடனே சங்கீதாவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. மறுபடி போட்டேன். அதே பதில். அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது.

காதர் பாய் கவுன்ட்டரை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோம்பைக்குப் போனார். பாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றான். "ஊரே நின்னு கும்பிடுது, நீ பெத்தவளா இருந்துக்கிட்டு அறுக்கச் சொல்ற?" "ஏலே, அவ இருக்கணுமா, பேனர் இருக்கணுமா?" என்றேன். அவன் ஏணியை விட்டுவிட்டான். நானே ஏறிக் கயிற்றை அறுத்தேன். இறக்கியதைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஸ்டேட்டஸை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினோம். காரணம் சொன்னால் அது இன்னும் பரவும் என்பதால் காரணமும் சொல்ல முடியவில்லை. சிலர் கோபித்துக்கொண்டார்கள். சிலருக்கு அழிக்கத் தெரியாது, போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு சித்தி மட்டும் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் போட்ட படத்த நூறு பேரு பாத்தது இதாண்டி மொதத் தடவ. பொழுது சாயட்டும், நானே அழிச்சிர்றேன்."

மூன்றாம் நாள் வந்த போன்

இரண்டு நாள் கடைக்குப் போனேன், வளையம் அடித்தேன், வீட்டுக்கு வந்தேன். செய்தி பார்க்கவில்லை. லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் போயிருந்தார், அவரிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிறபோது போன் வந்தது. அவள்தான். தூக்கை அப்படியே மூடிவிட்டுப் போனோடு வாசலுக்கு வந்தேன்.

பேனர் படம் யார் யாரையோ சுற்றி அவள் கூடவே வேலை பார்க்கிற பெண்ணின் போனுக்கே வந்துவிட்டதாம். சங்கீதாவை மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். எழுதி வாங்கியிருக்கிறார்கள். வேலை போகாது, ஆனால் எச்சரிக்கை என்று அவள் ஏட்டில் ஏறிவிட்டது. இறக்கிவிட்டோம், அழித்துவிட்டோம், மாமாவும் நம்பரைத் தப்பாகத்தான் எழுதி வந்தான், நான்தான் திருத்தினேன் என்று என்னென்னமோ உளறினேன். பேனரை அடித்தது நான், எச்சரிக்கை என் பேரில் அல்லவா வர வேண்டும் என்றும் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீ என்னம்மா செய்வ? அதுல இருந்த எல்லாத்தையும் வீட்டுல உக்காந்து சொன்னது நான்தான். அதான் எம்பேருல ஏறியிருக்கு."

விலாசச் சீட்டு

சண்டை நின்றது. விமானம் கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். பழையபடி மயிலும் தாமரையும் கேட்கிறார்கள். சீருடைக்காரர்கள் படம் வந்தால் ஊர், நம்பர், பிரிவு எதுவும் எங்கள் கடையில் அடிப்பதில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் போடுவோம். முகத்தையும் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்க்கிறேன். முகம் இல்லாமல் பேனர் எதற்கு என்று சண்டைக்கு வருகிறார்கள். அவர்களைப் பாயிடம் அனுப்பிவிடுவேன்.

நாலு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கீதா போன் போட்டாள். வேலை இடம் மாற்றிவிட்டார்களாம். சந்தோஷமாக இருந்தாள். "அம்மா, இப்ப எங்க இருக்கேன் தெரியுமா…" என்று ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்துகொள்ள எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குளிரா, வெயிலா, எல்லை பக்கமா, தூரமா. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை நான். ஒரு பிழையைப் பார்த்தால் திருத்தாமல் விடுகிறவளும் இல்லை. "சொல்லாதடி. எனக்குத் தெரிஞ்சா எப்பவாவது எங்கயாவது எழுதிப்புடுவேன். பொடி, முறுக்கு வேணும்னா லீவுல வந்து வாங்கிட்டுப் போ" என்றேன். அந்தப் பக்கம் மெதுவாகச் சிரித்தாள். "சரிம்மா. இப்பத்தான் நீ விமானப்படையில சேந்திருக்க."

போனை வைத்துவிட்டுப் பையிலிருந்த பழைய விலாசச் சீட்டை எடுத்து, அடுப்பில் போட்டேன். என் மகள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கவலைப்படுவதற்கு மட்டும் விலாசம் தேவைப்படவில்லை.